ஆலைத் தெரு வீடுகள் திரும்பிய விவரம்

முலாம் ஆலை மூடி இரண்டாவது மழைக்காலத்தில், ஆலைத் தெரு வீடுகள் அத்தனையும் ஆலைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டன. எதுவும் இடியவில்லை, சுவரில் விரிசல் விடவில்லை, அடுப்பில் இருந்த பால்கூடத் தளும்பவில்லை. ஒரு வாரத்தில் மெல்ல மெல்ல நகர்ந்து, வாசல் பின்பக்கச் சாக்கடைச் சந்துக்குப் போனது, பின்சுவர் தெருவுக்கு வந்தது. கோபித்துக்கொண்ட ஆள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பானே, அப்படி. நகராட்சியிலிருந்து ஒரு அதிகாரி வந்து நாடா பிடித்து அளந்தார். கட்டடங்கள் உறுதியாக உள்ளன, திசை மட்டும் மாறியுள்ளது என்று எழுதி, வீட்டு வரியில் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்துவிட்டுப் போனார். தபால்காரர் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு, சாக்கடை ஓரமாகவே சைக்கிளை உருட்டப் பழகிக்கொண்டார்.

வீடுகளைக் குறை சொல்வதற்கில்லை. ஆலை ஓடிய காலத்தில் குழாய்க்கும் வண்டிச் சாமானுக்கும் பளபளவென்று முலாம் பூசி ஊர் ஊராக அனுப்பினார்கள், கழிவை மட்டும் பக்கத்துப் பள்ளத்தில் விட்டார்கள். லாபம் குறைந்ததும் முதலாளிகள் பூட்டைப் போட்டுவிட்டுக் கம்பி நீட்டிவிட்டார்கள். பளபளப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை, பள்ளம் மட்டும் தெருவுக்கு மிச்சம். மழை பெய்தால் அந்த மனையில் தண்ணீர் மஞ்சளாக நின்றது. புல் முளைக்கவில்லை, தவளை கத்தவில்லை. கொசு இல்லாத தெரு என்று முதலில் பெருமையடித்துக்கொண்டவர்கள், கொசுவே வாழ முடியாத இடத்தில் நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று யோசித்த பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். பேருந்து சுற்று வழியில் போக ஆரம்பித்தது. வங்கியில் ஆலைத் தெரு என்று வாயெடுத்தாலே மேலாளர் பேனாவை மூடிவிடுவார். கால் உள்ளவர்கள் கிளம்பினார்கள், போக இடமில்லாதவர்கள் சாக்கடையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

தெருவின் நடுவில் இருந்தது ரொட்டிக்காரியின் வீடு. முன்னறையில் கடை, அதற்கடுத்து ஒரு யானை படுத்துக்கொள்ளும் அளவுக்குச் செங்கல் அடுப்பு. ஒரு காலத்தில் ஆலைச் சங்கு ஊதியதும் அவள் வாசலில்தான் கூட்டம் நெரியும். அவள் புருஷனும் ஆலைக்காரர்தான், மூன்றாம் தொட்டியில் வேலை. கம்பிகளைக் கொக்கியில் மாட்டி முக்கி எடுக்க வேண்டும். சாயங்காலம் அவர் வரும்போது செருப்பும் பாதமும் மஞ்சள் பூத்திருக்கும். மாவு பிசைகிற வீட்டில் அந்த மண் வரக் கூடாது என்பதில் ரொட்டிக்காரி கறார். வாசல் பக்கத்தில் குழாய் போட்டு வைத்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் வேலை விட்டு வந்ததும் அவள் சொல்கிற முதல் வார்த்தை, "காலைக் கழுவிட்டு உள்ள வாங்க." ஆலை மூடுவதற்கு முந்தின வருஷம் ஒரு நாள் அவர் காய்ச்சலோடு வந்தார். அவள் மாவிலிருந்து கையை எடுக்காமலே அதையே சொன்னாள். ரொம்ப நேரம் ஆளைக் காணோம். "கழுவிட்டீங்களா?" என்று சத்தம் போட்டாள். வெளியே வந்து பார்த்தபோது அவர் குழாயில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், தண்ணீர் பாதத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது, உயிர் போயிருந்தது. கால் இரண்டும் சுத்தமாக இருந்தன.

அதற்குப் பிறகும் அவள் சட்டத்தை மாற்றவில்லை. மாற்றினால் அன்றைக்குச் சொன்னது தப்பென்று ஆகிவிடும், அதைத் தாங்க அவளால் முடியாது. வீடு திரும்பியபோது குழாயும் வாசலோடு சாக்கடைச் சந்துக்கு வந்தது. மகளோ, தண்ணீர் வரி வாங்க வந்தவரோ, யாராக இருந்தாலும் கழுவிவிட்டுத்தான் படியேற வேண்டும். விஷ மண்ணுக்குப் பக்கத்தில் சுட்ட ரொட்டியை யாரும் வாங்க வரவில்லை. அவள் அதைச் சைக்கிளில் கட்டித் தூரத் தெருக்களுக்குக் கொண்டுபோய், எங்கே சுட்டது என்று சொல்லாமல் விற்றாள். பொய் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை என்பாள். அந்தக் காசில்தான் மகளை வளர்த்தாள்.

மகள் வேலைக்குப் போகும் வயது வந்தபோது நகராட்சிக்கு ஒருவழியாகச் சொரணை வந்தது. வழக்கு நடந்து மனை கைக்கு வந்தது. நிபுணர்கள் முகமூடி மாட்டிக்கொண்டு வந்தார்கள். மண்ணை ஆள் உயரத்துக்கு மேல் வெட்டி மூடிய லாரிகளில் அனுப்பினார்கள், நிலத்தடி நீரை இறைத்துச் சுத்தம் செய்து திரும்ப விட்டார்கள், நல்ல மண் கொண்டுவந்து நிரப்பினார்கள். நாலு வருஷம் நடந்தது இந்தக் கூத்து. வேலை செய்தவர்கள் பூட்ஸை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுக் குளித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும் என்று விதி. அதனால் உள்ளே நடப்பது தெருவில் இருந்த ஆட்களுக்குத் தெரிந்ததே தவிர, வீடுகளுக்குத் தெரியவில்லை. அவை பாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

கடைசியில் மனை சுத்தம் என்று பலகை வைத்தார்கள், கட்டடங்கள் எழும்பின. பெரிய குளிர்கிடங்கு ஒன்று, கதவு ஜன்னல் செய்கிற பட்டறைகள், வெல்டிங்கும் மின்வேலையும் கற்றுக்கொடுக்கிற கூடம், ஒரு மருத்துவமனை, ஒரு வரிசைக் கடைகள். நடந்து வரும் தூரத்தில் இருப்பவர்களுக்குத்தான் பாதி வேலை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. எழுதியதை நடத்தவும் செய்தார்கள், அதுதான் இந்த விவரத்திலேயே நம்பச் சிரமமான பகுதி. முதலில் வேலை கிடைத்தது கிரேன்காரருக்கு. ரொட்டிக்காரியின் பக்கத்து வீடு. முதல் சம்பளம் வாங்கிய மதியம், அவர் வழக்கமாகப் படியிலேயே கழற்றுகிற பூட்ஸை அன்று கழற்றாமல் சேறோடு வீட்டுக்குள் வந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். விழித்தபோது வெயில் மறு கன்னத்தில் அடித்தது. வாசலைத் திறந்தால் எதிரே தெரு, தெருவுக்கு அந்தப்பக்கம் கிடங்கு. அவர் மனைவி துடைப்பத்தை எடுத்துத் தெருவைப் பெருக்கினாள்.

விஷயம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மனைக்குள் வேலை பார்த்த கால் அந்த மண்ணோடு வீட்டுக்குள் வர வேண்டும், வீடு அதை மோந்து பார்த்துத் திருப்தியானால் திரும்பும். குறுக்கு வழி எடுபடவில்லை. வேலைக்குப் போகச் சோம்பல்பட்ட ஒருவர் வாளியில் மண் அள்ளிவந்து கூடத்தில் கொட்டினார். அவர் வீடு கால்வாசி மட்டும் திரும்பி, வாசல் பக்கத்து வீட்டுக் குளியலறைக்கு நேராக நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் போட்ட சத்தத்தில் அவர் மறுநாளே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். இப்படி ஒவ்வொரு வீடாகத் திரும்பின. பேருந்து பழைய வழிக்கு வந்தது, வரிப்பணத்தில் சாக்கடைக்கு மூடி போட்டார்கள், வங்கி மேலாளர் பேனாவோடு அவராகவே தெருவுக்கு வந்தார். வாடகையை ஏற்றப் பார்த்த ஓரிருவரும் இருந்தார்கள், அது எங்கும் உள்ளதுதான்.

ரொட்டிக்காரியின் வீடு மட்டும் திரும்பவில்லை. மகள் குளிர்கிடங்கில் வேலை பார்த்தாள், தினமும் அந்த மண்ணில்தான் நடந்தாள், தினமும் சாயங்காலம் சந்தில் குனிந்து கழுவிவிட்டு உள்ளே வந்தாள். தெருப்பக்கம் ஷிப்ட் மாறும் நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆட்கள் பசியோடு அந்த வீட்டின் குருட்டுச் சுவரைக் கடந்து போனார்கள். மகள் கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டாள். "ஒரே ஒரு நாள் கழுவாம வரேம்மா." ரொட்டிக்காரி, "உங்கப்பாவ எடுத்துக்கிட்ட மண்ணு இந்தப் படி ஏறாது" என்று முடித்துவிட்டாள். மகளுக்கும் ரோஷம் உண்டு. மழை தூறிய ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பி ஒரு மணி நேரம் ஆனதும் போன் செய்து சொன்னாள்: வரிசைக் கடையில் ஒன்று எடுக்கப் போகிறாள், மின்சார அடுப்பு வைக்கப் போகிறாள், அம்மா வந்தால் சந்தோஷம், வராவிட்டால் தனியாக. எந்தக் கடை என்று கேட்டாள் தாய். கடைசிக் கடை, பழைய மூன்றாம் தொட்டி இருந்த இடம் என்றாள் மகள்.

கையில் மாவோடு, காலில் செருப்பில்லாமல் ரொட்டிக்காரி ஓடினாள். வாழ்நாளில் அந்த மனைக்குள் அவள் கால் வைத்ததில்லை. காவலாளி தடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். கடைசிக் கடைக்கு முன்னால் மகள் நின்றிருந்தாள். "வேற எடமே கெடைக்கலயா உனக்கு?" என்று கத்தினாள் தாய். "அந்த எடத்துல நின்னு எப்படிடி ரொட்டி விப்ப?" மகள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது ரொட்டிக்காரியின் கணுக்காலில் எதுவோ சுருக்கென்று கடித்தது. பட்டென்று அடித்தாள். உள்ளங்கையில் மாவு, மாவின் மேல் நசுங்கிய ஒரு கொசு, ஒரு சொட்டு ரத்தம்.

அவள் அதையே பார்த்தாள். பிறகு குனிந்து காலடியில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தாள். மஞ்சள் இல்லை, சாதாரண மழைத் தண்ணீர். அதில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன, ஓரத்தில் தேரைக்குஞ்சு ஒன்று அவளை முறைத்தது.

"எத்தன நாளா இங்க கொசு இருக்கு?"

"ஒரு வருஷமா, தொல்ல தாங்கல. மருந்தடிக்கச் சொல்லி எழுதிப் போட்டிருக்கோம்."

"இன்னிக்கு மட்டும் அடிக்க வேணாம்னு சொல்லு" என்றாள் ரொட்டிக்காரி, சொல்லிவிட்டு அழுதாள். புருஷன் செத்த அன்று அழாத அழுகை அது. நடுவில் கொசு இன்னொரு முறை கடித்தது, சிரிப்பும் வந்துவிட்டது. வெல்டிங் பழக வந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களையும் கொசு கடித்துக்கொண்டிருந்ததால் ரொம்ப நேரம் நிற்கவில்லை.

அன்று மதியமே மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மகள் பழக்க தோஷத்தில் குழாயடியில் குனிந்தாள். ரொட்டிக்காரி படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். காய்ச்சலோடு வந்த ஒரு மனிதரிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை இத்தனை வருஷமாக அவள் தொண்டையிலேயே இருந்தது.

"கழுவ வேணாம். அப்படியே உள்ள வா."

மகள் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், திறந்த குழாயை மூடினாள். இருவரும் சேற்றுக் காலோடு படியேறினார்கள். அடுப்பு தணல் மாறாமல் இருந்தது, காலையில் பிசைந்த மாவு பொங்கி விளிம்பு வரை வந்திருந்தது. வீணாக்குவானேன் என்று உருட்டி அடுப்பில் தள்ளினார்கள். ரொட்டி பாதி வெந்தபோது வீடு நகர்ந்தது. மற்ற வீடுகள் மணிக்கணக்கில் செய்ததை இது ஒரே மூச்சில் செய்தது, வெகுநாள் அடக்கி வைத்திருந்தது போலும். ரொட்டிக்காரி மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டாள். திறந்திருந்த வாசல் பக்கத்து வீட்டைக் கடந்தபோது கிரேன்காரர் வெளியே நின்று பல் குத்திக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, கெளம்பிட்டீங்களா?"

"வந்துட்டோம் தம்பி" என்றாள் அவள். வாசல் தெருவுக்கு நேராக வந்து நின்றது.

அடுப்பைத் திறந்தால் ரொட்டிகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து வெந்திருந்தன. மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். தூக்கிப் போட மனசில்லாமல் தாய் அவற்றைப் பலகையில் அடுக்கினாள், ஷிப்ட் விட்டதும் ஒன்றும் மிஞ்சவில்லை. மறுநாள் நேரான ரொட்டி சுட்டபோது, நேற்றைய ரொட்டிதான் வேண்டும் என்றார்கள். அன்றிலிருந்து தட்டுக்கு அடியில் ஒரு பக்கம் சின்னச் செங்கல் துண்டு வைத்துச் சாய்த்தே சுடுகிறார்கள், அந்த வேலைக்கென்றே தெருவிலிருந்து ரெண்டு பேரைச் சேர்த்தார்கள். கடைசிக் கடையைப் பூட்டுச் சாவி செய்கிற ஒருவர் எடுத்துக்கொண்டார். வாசல் பக்கத்துக் குழாய் இன்னும் இருக்கிறது. வேலை விட்டு வருகிறவர்கள் அதில் தண்ணீர் குடிக்கிறார்கள், பிறகு சேற்றுக் காலோடு படியேறி வருகிறார்கள். ரொட்டி ஏன் சாய்ந்திருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. சூடாக இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள்.