முணுமுணுவின் மூன்றாவது சுற்று

என் தம்பி மனைவிக்கு முணுமுணு என்று பெயர் வைத்தவள் நான்தான். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் என்னிடம் ஏதோ கேட்டாள். நான் ஒவ்வொரு தடவையும் "என்ன?" என்றேன், அவளும் சளைக்காமல் திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில் பார்த்தால், ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டிருக்கிறாள். அதற்குள் மழைச்சாரலில் பாதிக் கட்டில் நனைந்துவிட்டது.

எங்கள் குடும்பம் தொண்டைக்குப் பெயர்போனது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். வண்டிக்குள் உட்கார்ந்து நான் "பிரேக்!" என்று கத்தினால் பக்கத்து லாரிக்காரனும் சேர்ந்து மிதிப்பான். அம்மா போனில் பேசும்போது, "இதுக்கு எதுக்கும்மா போன்?" என்பான் தம்பி. அவன் மட்டும் என்ன, தூக்கத்தில்கூடச் சத்தமாகத்தான் பேசுவான். இந்தக் கூட்டத்துக்கு நடுவில் வாயில்லாப் பூச்சியாக ஒருத்தி வந்து மாட்டிக்கொண்டாள்.

அந்த வாயில்லாப் பூச்சிக்குத்தான் ஓவிய அருங்காட்சியகத்தில் கைடாக வேண்டும் என்று ஆசை. வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து வரிசையில் நிற்கும் பெரிய அருங்காட்சியகம் அது. ஓவியம் படித்தவள், விஷயம் கைவசம் இருந்தது. சோதனைச் சுற்று என்று ஒன்று வைப்பார்கள். ஒரு சின்னக் குழுவைக் கூட்டிக்கொண்டு போய்ப் படங்களைக் காட்ட வேண்டும், அதிகாரி ஒருவர் கூடவே நடந்து பார்ப்பார். இரண்டு முறை போனாள், இரண்டு முறையும் ஒரே பதில்தான் வந்தது. விஷயம் நன்றாக இருக்கிறது, குரல் எட்டவில்லை. மூன்றாவது முறையோடு சரி, அதற்குமேல் வாய்ப்பு கிடையாது.

இரண்டாவது தோல்விக்குப் பிறகு சமையலறையில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதுகூட மெதுவாகத்தான் கேட்டது. "கத்திப் பேசத் தெரியாதவளுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று நான் வாய்விட்டே சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

அப்புறம்தான் அவளுக்கு நல்ல காலம் பிறந்தது. அருங்காட்சியகத்தில் காதுக் கருவிகள் வாங்கினார்கள். கைடு சட்டையில் ஒரு குட்டி மைக்கைக் குத்திக்கொண்டு பேசினால் போதும், பார்க்க வந்தவர்கள் காதில் மாட்டியிருக்கும் கருவியில் பேச்சு கேட்கும். முணுமுணுவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் மூன்றாவது சுற்றுக்கு முந்தின நாள் தம்பி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான்.

"அக்கா, ஆறு பேராவது இல்லாட்டி சுத்தை ரத்து பண்ணிடுவாங்களாம். இதுவரைக்கும் மூணு பேர்தான் பதிஞ்சிருக்காங்க. நீ, அம்மா, நான், மூணு பேரும் வந்துட்டா ஆறு."

"எனக்கெதுக்குடா ஓவியம்? சுவத்துல மாட்டின காலண்டரையே நான் பாக்கறதில்ல."

"அக்கா, ப்ளீஸ். ஒண்ணே ஒண்ணு, நாம யாருன்னு மட்டும் காட்டிக்கக் கூடாது. வீட்டு ஆளுங்களை வெச்சு எண்ணிக்கை காட்டினான்னு தெரிஞ்சா அவளுக்கு அசிங்கம்."

போனோம். வாசலைத் தாண்டியதும் பைகளை வாங்கி வைத்துக்கொள்ளும் கவுண்டர், அதற்கு அடுத்ததாகக் கருவிகள் தரும் கவுண்டர். அங்கே ஒரு பலகை தொங்கியது. எந்த கைடு எந்த எண்ணில் பேசுகிறார் என்று சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். முணுமுணுவுக்கு நான்கு. எங்கள் கருவிகளையும் நான்கில் திருப்பி, நீல வார் போட்டுக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அவள் மார்பில் மஞ்சள் அட்டை இருந்தது. சோதனையில் இருப்பவர்களுக்கு அதுதான் அடையாளம்.

பக்கத்தில் சிவப்பு வார் போட்ட பெரிய கூட்டம் ஒன்று நின்றது. அதற்குத் தலைவர் அங்கேயே பழந்தின்று கொட்டை போட்ட கைடு. நல்ல வெண்கலத் தொண்டை. பலகைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், தம் மைக்கின் எண்ணைத் தாமே திருகிக்கொண்டு, "அத்தனை பேரும் நாலுல வெச்சுக்குங்க, போலாமா?" என்று கிளம்பிப் போனார். நான் அதைக் காதால் கேட்டேன். கேட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

எங்கள் குழுவில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியும் ஒரு குடைக்காரரும் இருந்தார்கள். குடையைக் கவுண்டரில் கொடுக்க மாட்டேன் என்று சண்டை போட்டு ஜெயித்துவிட்டு வந்தவர் அவர். எனக்குச் சமமான ஆள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. கடைசியாக அதிகாரியம்மா வந்தார். நரைத்த கிராப்பு, சத்தமே வராத செருப்பு, பின்னால் கட்டிய கை.

"இதுக்கு முன்னாடி இவங்ககூட சுத்திப் பாத்திருக்கீங்களா?" என்று என்னிடம் பேச்சுக் கொடுத்தார்.

"யாரு, இவங்களா? இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றேன். தம்பி கூரையை ஆராய ஆரம்பித்தான்.

முதல் இரண்டு அறைகளும் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயின. அவள் குரல் நேராக என் காதுக்குள் வந்து உட்கார்ந்தது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், அவள் பேசி நான் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான். வேடிக்கையாகப் பேசுகிறாள்! விறைப்பாக முறைத்துக்கொண்டிருந்த ஒரு பிரபுவைக் காட்டி, "இவர் கோவத்துல முறைக்கல. காலர் இறுக்குது. ஓவியர் இன்னும் விடமாட்டேங்கறார்" என்றாள். புதுப் பெண் களுக்கென்று சிரித்தாள். குடைக்காரர்கூடப் பல்லைக் காட்டினார். அதிகாரியம்மாவின் முகம் மட்டும் எதையும் காட்டவில்லை.

மூன்றாவது அறை சின்னது. அதற்கு அடுத்தாற்போல்தான் பெரிய கூடம், அங்கே சுவர் முழுக்க அடைத்துக்கொண்டு அந்தப் புகழ்பெற்ற போர்ப்படம் இருந்தது. ஊர் உலகமெல்லாம் அதைப் பார்க்கத்தான் வரும். இந்தச் சின்ன அறையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரே ஒரு படம். ஒரு பெண் மேஜையில் கோப்பையை வைக்கிறாள். தலை பாதி திரும்பியிருக்கிறது. பின்னால் ஒரு கதவு லேசாகத் திறந்திருக்கிறது. அவ்வளவுதான்.

முணுமுணு வாயைத் திறந்தாள். என் காதில் வெண்கலத் தொண்டை இடி இடித்தது.

"பாருங்க! கையில உருவின வாள்! காலடியில விழுந்து கிடக்கறது இவனோட சொந்தத் தம்பி!"

நான் படத்தைப் பார்த்தேன். கோப்பை. மறுபடி பார்த்தேன். கோப்பைதான்.

"ஏங்க, இந்தப் பொம்பளையா தம்பியை வெட்டினா?" என்றாள் அம்மா. மெதுவாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்டாள், அறை முழுக்க எதிரொலித்தது.

"ரத்தம் எப்படிப் பீறிடுது பாருங்க!" என்றது காது. புது மாப்பிள்ளை பயபக்தியோடு மேஜைக்கு அடியில் ரத்தத்தைத் தேடினான். முணுமுணுவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன, ஒரு சொல்கூட வந்து சேரவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்து அவளுக்கு ஏதோ தப்பு என்று புரிந்தது. மைக்கைத் தட்டினாள். குதிரைகள் கனைப்பதைப் பற்றித்தான் கேட்டது.

"என்னங்க இது? இந்தப் பொண்ணு பேசறது ஒண்ணுமே கேக்கலையே!" குடைக்காரர் குடையைத் தரையில் ஊன்றினார். "கைடுன்னா நாலு பேருக்குக் கேக்கற மாதிரி பேச வேணாமா?"

அம்மாவுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "என் மருமக பேசறது எனக்கு நல்லாவே கேக்குது! உங்க காதைப் போய் பாருங்க!"

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அதிகாரியம்மா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தார். சாயம் வெளுத்துவிட்டது. முணுமுணுவின் கண் கலங்கியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். கத்தித் தொலையேன்டி, ஒரே ஒரு தடவை கத்தித் தொலையேன் என்று மனசு அடித்துக்கொண்டது. அவளால் முடியாவிட்டால் அவளுக்காக நான் கத்திவிடுவது என்று மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

அவள் என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். உள்ளங்கையைக் கீழே காட்டி, காற்றை லேசாக அமுக்கினாள்.

அது என் சைகை. வண்டியில் பதறுகிறவர்களுக்கு நான் காட்டுவது. வேகத்தைக் குறை, வண்டி உன் கையில்தான் இருக்கிறது என்று அர்த்தம். அவளும் என்னிடம்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் பாதி மூச்சில் வாயை மூடியது அதுதான் முதல் தடவை.

அவள் தன் காதைத் தொட்டுக் காட்டிக் கருவியைக் கழற்றச் சொன்னாள். எல்லாரும் கழற்றினோம். பிறகு படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, கிட்ட வரும்படி விரலை அசைத்தாள். ஓர் அடி வைத்தோம். இன்னும் வாருங்கள் என்றாள். குடைக்காரரின் தோள் என் தோளில் இடித்தது. ஒரே தட்டில் சாப்பிட உட்கார்ந்தவர்கள் மாதிரி அந்தக் குட்டிப் படத்தைச் சுற்றி நெருங்கி நின்றோம்.

"இந்தக் கோப்பையைப் பாருங்க," என்றாள். அவளுடைய அதே குரல்தான், ஒரு இழைகூட உயர்த்தவில்லை. "ஒரு ஓரம்தான் மேஜையில பட்டிருக்கு. முழுசா வெச்சிருந்தா டக்குனு சத்தம் வந்திருக்கும். அந்தச் சத்தம்கூட வரக் கூடாதுன்னு கையைப் பாதியில நிறுத்திட்டாங்க. ஏன்னா எதையோ கேக்கறாங்க. முகத்துல வெளிச்சம் விழல, கையில விழல. மொத்தப் படத்துலயும் வெளிச்சம் விழற ஒரே இடம் எது சொல்லுங்க?"

"காது," என்றாள் புதுப் பெண். அவளும் கிசுகிசுவென்றுதான் சொன்னாள்.

"ஆமா, காதுதான். எத்தனையோ தலைமுறையா இவங்க இப்படியே நின்னு கேட்டுக்கிட்டிருக்காங்க. என்ன கேக்குதுன்னு ஓவியர் சொல்லாமலே போயிட்டார். நாமளும் கொஞ்ச நேரம் சும்மா நின்னு கேட்டுப் பாக்கலாமா?"

அமைதி. எங்கள் வீட்டு ஆட்கள் மூன்று பேர் விழித்துக்கொண்டு இருக்கும் இடத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை. அந்தக் காதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் கதவுக்குப் பின்னால் ஏதோ கேட்கிற மாதிரிதான் இருந்தது.

"புள்ள வீட்டுக்கு வர்ற சத்தம்," என்றாள் அம்மா. முதல் தடவையாக அவள் குரல் சுவரில் மோதவில்லை.

"மாடிப்படி," என்றார் குடைக்காரர். "என் பொண்ணு ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு ஏறி வருவா. அதுவரைக்கும் நான் படுக்க மாட்டேன்." குடையை மெல்லச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"டாக்டரோட வண்டி," என்றது ஒரு பெண் குரல்.

அது எங்கள் குழுவில் யாருடைய குரலும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள், கழுத்தில் சிவப்பு வார். அவளுக்குப் பின்னால் கேமராவும் கையுமாக ஒரு தடித்த மனிதர். அவருக்குப் பின்னால் இன்னும் தலைகள். எல்லார் கழுத்திலும் சிவப்பு. சின்ன அறை நிறைந்து கூடம் வரைக்கும் கூட்டம் வழிந்தது. எல்லாரும் காதில் கருவியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடாமல் நின்றார்கள்.

நடந்தது இவ்வளவுதான். இரண்டு மைக்கும் நாலில் இருந்ததால், அவர் பக்கத்துக் கூடத்துக்கு வந்ததும் அவர் குரல் அவள் குரலை அமுக்கியிருக்கிறது. வெண்கலத் தொண்டை தம் போரை முடித்ததும், "படம் எடுத்துக்குங்க" என்று மைக்கை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார். அவர் வாய் மூடியதும், அதே நாலாம் எண்ணில் அவள் பேச்சு அவர் ஆட்களின் காதில் விழுந்திருக்கிறது. தன் மைக் உயிரோடு இருப்பது அவளுக்கே தெரியாது. "காதுகிட்ட யாரோ எனக்குன்னே சொல்ற மாதிரி இருந்துச்சு," என்றார் கேமராக்காரர். "அந்தக் கோப்பை எங்க இருக்குன்னு தேடிக்கிட்டே வந்துட்டோம்."

முணுமுணு அப்போதுதான் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள். பயந்துவிடப் போகிறாளே என்று நான் பதறினேன். அவள் பயப்படவில்லை. "டாக்டரோட வண்டியா? இருக்கலாம். அப்படின்னா மேஜை ஓரத்து நிழல்ல இருக்கற இந்த ரெண்டாவது கோப்பை யாருக்கு?" என்று தொடர்ந்தாள். பின்வரிசையில் நின்றவர்கள்கூட அந்தக் கோப்பைக்காக எம்பினார்கள்.

கூடத்திலிருந்து கனத்த செருப்புச் சத்தம் வந்தது. "என்ன நடக்குது இங்க? நம்ம ஆளுங்க எல்லாம் எங்க போனாங்க?" என்று முழங்கினார் வெண்கலத் தொண்டை.

அவருடைய கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பியது.

"உஷ்ஷ்ஷ்!"

ஐயோ, அந்தச் சத்தத்தை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். மனிதர் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு, அதையும் சொல்லத்தான் வேண்டும், மெல்ல அவரும் ஒரு கருவியை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

அவள் பேசி முடித்ததும் அந்தக் கூட்டம் கை தட்டியது. அதிகாரியம்மா முன்னால் வந்தார். கைதட்டல் அடங்கியது. "அந்த மஞ்சள் அட்டையைக் கழட்டிக் கொடுங்க," என்று கையை நீட்டினார். அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். முணுமுணு கழற்றிக் கொடுத்தாள். அதிகாரியம்மா அதைத் தம் பையில் போட்டுக்கொண்டார்.

"இது இனிமே உங்களுக்கு வேண்டாம். திங்கக்கிழமை வந்து வெள்ளை அட்டை வாங்கிக்குங்க. நாங்க ரெண்டு தடவையும் குரல் எட்டலன்னு சொன்னோம். அது எங்க தப்பு. எட்ட வேண்டியது குரல் இல்ல போலிருக்கு, ஆளுங்கதான் கிட்ட வரணும்."

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். உதட்டோரம் லேசாக மடிந்திருந்தது. "இவங்களை இன்னைக்குத்தான் பாத்தேன்னு சொன்னீங்க, இல்ல?"

கண்ணில் நீர் முட்டியது. அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த பாதி மூச்சு முழுசாக வெளியே வந்தது.

"உண்மையைத்தான் சொன்னேன்! இன்னைக்குத்தான் பாத்தேன்! எங்க வீட்டுப் பொண்ணும்மா! என் தம்பி பொண்டாட்டி!"

போர்ப்படத்துக் குதிரைகளே மிரண்டிருக்கும். காவலாளி கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்தார். "மேடம், இங்க சத்தம் போடக் கூடாது!"

முணுமுணு என்னைப் பார்த்தாள். உள்ளங்கையைக் கீழே காட்டிக் காற்றை லேசாக அமுக்கிவிட்டுச் சிரித்தாள்.

"பரவால்ல சார், விடுங்க," என்று அவள் காவலாளியிடம் சொன்னாள். "அவங்க என் நாத்தனார்."

மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கு முதல் தடவையிலேயே கேட்டது.