நூற்றிருபத்தைந்து மைக்ரோகிராம் வேகத்தில் வந்த வண்டி

1

இந்தக் கதை என் மனைவியின் கழுத்தில் பிறந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களாகக் கண்டுபிடித்து, "ஆள் சொந்தக் கதையை ஊரார் கதை மாதிரி ஓட்டுகிறார்" என்பீர்கள். ஓட்டத்தான் போகிறேன். இனி அவள் 'அறிவிப்பாளர்'. ரயில் நிலைய ஒலிபெருக்கியில் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று சொல்பவர். நான் 'அட்டவணைக்காரர்'. ரயில்களுக்குக் கால அட்டவணை போட்டு ஓய்வுபெற்றவர். அறிவும் அடக்கமும் ஒருங்கே வாய்த்தவர்.*

*இந்த வரியின் மேல் அறிவிப்பாளர் பென்சிலால் கோடு கிழித்திருக்கிறார். கதாபாத்திரங்கள் கையெழுத்துப் பிரதியைப் படிக்கக் கூடாதுதான். ஒரே வீட்டில் குடியிருந்தால் என்ன செய்வது?

2

தொடக்கம், முதல் முயற்சி: "தைராய்டு என்பது வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் கழுத்தின்…" வேண்டாம். இது ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டுகிற வாசகம்.

இரண்டாம் முயற்சி: "அன்று காலை அவள் குரல் துருப்பிடித்த கதவைப் போல…" பென்சில் பாய்ந்து வருகிறது. வேண்டாம்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அறிவிப்பாளர் ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. அவர் குரலைப் பதிவுசெய்து, அவர் வேலைபார்த்த ரயில் தடத்தின் நாற்பத்தொரு நிலையங்களிலும் காலத்துக்கும் ஒலிக்கவிடுவதென்று நிர்வாகம் முடிவெடுத்தது. குரல் சரிப்படாவிட்டால் கம்ப்யூட்டர் குரல். முப்பத்தோரு வருடம் மைக் முன்னால் உட்கார்ந்தவருக்கு அது எப்படி இருக்கும்? "செத்த பிறகும் நான் வண்டி விடணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சரியாக அந்த நேரம் பார்த்து அவருடைய தைராய்டு படுத்துக்கொண்டது.

3

முகம் வீங்கியது. குரல் கரகரத்தது, வேகம் குறைந்தது. அவர் "பயணிகளின்" என்று தொடங்கும்போது வண்டி உள்ளே வரும். "கவனத்திற்கு" என்று முடிக்கும்போது வண்டி அடுத்த ஊரில் நிற்கும். இடைப்பட்ட நேரத்தில் நடைமேடையில் இரண்டு காதல்கள் தொடங்கி, ஒன்று கல்யாணத்தில் முடிந்தது.

[பொய். ரெண்டு தடவைதான் லேட் ஆச்சு.]

பென்சில்தான். விடுங்கள்.

டாக்டரம்மா ஐம்பது மைக்ரோகிராம் மாத்திரை எழுதினார். ஆறு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை, போதாது. எழுபத்தைந்து. ஆறு வாரம்; போதாது. நூறு. ஆறு வாரம்; போதாது. நூற்றிருபத்தைந்து.

"வெறும் வயித்துலதானே குடுக்குறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"வெறும் வயித்துலதான் டாக்டர். அஞ்சு நாப்பதுக்கு. செகண்ட் தப்பாது," என்றார் அட்டவணைக்காரர், நெஞ்சை நிமிர்த்தி.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இந்த அட்டவணைக்காரர் பாத்திரம் கதைக்குத் தேவையா? ஒரு பிரதியில் அவரைத் தூக்கிவிட்டு, அறிவிப்பாளரை விதவையாக்கிப் பார்த்தேன். கதை அமைதியாக இருந்தது. வீட்டில்தான் அமைதி இல்லை. ஆகவே அவர் இருக்கட்டும். தப்பைச் செய்யவும் ஒரு ஆள் வேண்டுமே.

தப்பு இதுதான். வாழ்நாள் முழுவதும் அவர் செய்த வேலை, ஒரு வண்டி வந்து நின்றதும் எதிர் நடைமேடையில் இணைப்பு வண்டி தயாராக நிற்கும்படி பார்த்துக்கொள்வது. இடைவெளி என்றாலே அவருக்கு உடம்பு அரிக்கும். அறிவிப்பாளர் எலும்புக்காகக் கால்சியம் மாத்திரையும் சாப்பிட்டு வந்தார். அதற்குத் தனியாக ஒரு நேரமா? ஐந்து நாற்பதுக்கே தைராய்டு மாத்திரை, கால்சியம் மாத்திரை, ஒரே டம்ளர் தண்ணீர். கச்சிதமான இணைப்பு. அட்டவணையை லேமினேட் செய்து குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டினார்.

வயிற்றுக்குள் கால்சியம் தைராய்டு மாத்திரையின் சட்டையைப் பிடித்து இழுத்து, உடம்பில் சேரவிடாமல் பாதியை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது.

5

அட்டவணைக்காரர் ஒரு மாதம் மகள் வீட்டுக்குப் போனார். கண்காணிக்க ஆள் இல்லை. "சாக்பீஸ் கணக்கா இருக்கு, யாரு முழுங்குறது" என்று அறிவிப்பாளர் கால்சியத்தை நிறுத்திவிட்டார். நூற்றிருபத்தைந்தும் முழுசாக உள்ளே இறங்கியது.

ஊர் திரும்பியவர் வாசலில் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் அதிலிருந்த துணிகள் துவைத்துக் காயப்போடப்பட்டிருந்தன. அவர் போட்டிருந்த சட்டை உட்பட.

"ஏன் இப்படி நடுங்குது உன் கை?"

"நடுங்கல வேகமா இருக்கு நெஞ்சும் அப்படித்தான் தூக்கமே இல்லங்க ஆனா நேரம் நெறய மிச்சமாகுது உக்காருங்க உக்காராதீங்க சோபாவத் தொடைக்கணும்."

நிலையத்தில் அவர் நாளை வரவேண்டிய வண்டிகளை இன்றே அறிவித்தார். சில வண்டிகள் பயந்துபோய் வந்தும் விட்டன.

டாக்டரம்மா எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். அட்டவணைக்காரர் இணைப்பு வண்டித் தத்துவத்தை விளக்கினார். லேமினேட் அட்டையையும் காட்டினார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"ரெண்டுக்கும் நடுவுல நாலு மணி நேரம் இடைவெளி விடணும் சார். உங்க அட்டவணையாலதான் நான் இத்தனை மாசமா இவங்களுக்கு டோஸ் ஏத்திக்கிட்டே போயிருக்கேன்."

எண்பத்தெட்டு எழுதினார்.

6

இந்தக் கூத்துக்கு நடுவே ஒலிப்பதிவும் நடந்துகொண்டிருந்தது. ரயில் அறிவிப்பு முழுசாகப் பதிவாவதில்லை. துண்டு துண்டாகப் பதிந்து, பிறகு கோப்பார்கள். எண்களை ஐம்பது மைக்ரோகிராமின்போது பதிந்திருந்தார்கள். ஊர்ப்பெயர்களையும் மற்ற வாசகங்களையும், கால்சியம் நின்ற மாதத்தில். கோத்துக் கேட்டபோது, ஒரு கிழவி ஆற அமர "நாலா…வது" என்பதும், யாரோ துரத்த ஓடும் பெண் "நடைமேடைக்குவந்துசேரும்" என்பதுமாக இருந்தது.

ஒலிப்பதிவுக்காரர் தலையில் கை வைத்தார். "மேடம், எல்லாத்தையும் மறுபடி எடுக்கணும். கடைசித் தேதிக்குள்ள முடியலேன்னா கம்ப்யூட்டர் குரல்தான்."

எண்பத்தெட்டில் ஆறு வாரம் போனது. கை நிதானமானது. தூக்கம் வந்தது. ரத்தப் பரிசோதனை சரி என்றது. கடைசித் தேதிக்கு முந்தைய நாள் அறிவிப்பாளர் உட்கார்ந்து, இருநூற்றுப் பன்னிரண்டு துண்டுகளையும் ஒரே மூச்சில் பேசினார்.

இங்கே முடித்திருந்தால் கதை சுபம்.

7

முடிவு, ஒன்று: எல்லாம் நல்லபடியாக… இல்லை.

முடிவு, இரண்டு: கம்ப்யூட்டர் குரல் வந்து… வாயைக் கழுவ வேண்டும்.

நடந்தது: ஒரே ஒரு துண்டு மட்டும் தேறாமல் நிற்கிறது. "தடங்கலுக்கு வருந்துகிறோம்." நேற்று பதினேழு தடவை எடுத்தார்களாம்.

"மேடம், இதுல வருத்தமே இல்லியே," என்றிருக்கிறார் ஒலிப்பதிவுக்காரர்.

"நான் எதுக்குப்பா வருந்தணும்? வருந்த வேண்டிய ஆள் வீட்ல இருக்கு."

இன்று காலை பத்து மணிக்கு மறுபடி போகவேண்டும். அதோடு கெடு முடிகிறது. சற்றுமுன் என் மனைவி இந்த மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எட்டு மாசம். முகம் வீங்கி, நெஞ்சு படபடத்து. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாயத் தொறந்து சொன்னீங்களா?"

"அதான் கதையா எழுதிட்டிருக்கேனே."

"கதையில அவர், அட்டவணைக்காரர்னு யாரோ ஒருத்தர் தப்பு பண்றார். நீங்க சொல்லுங்க. எப்படிச் சொல்றதுன்னு கேட்டுட்டுப் போய் அதே மாதிரி சொல்லிட்டு வரேன்."

எழுதிப் பார்க்கிறேன். "டாக்டரும் கால்சியத்தைப் பத்திக் கேட்டிருக்க…" பென்சில் அடிக்கிறது. "நல்லது நெனச்சுத்தான் நான்…" அதையும் அடிக்கிறது. "ஒருவேளை உன் மனசு புண்பட்டிருந்தா…" இது மூன்றிலும் மோசம், நானே அடித்துவிட்டேன். இத்தனை வருடம் ஆயிரம் வண்டிகளின் தாமதத்துக்கு இவள் வாயால் வருந்தவைத்தவன், என் வாயால் ஒரு தடவைகூடப் பழகவில்லை.

வாசகரே, நீங்கள் நல்ல மனிதராகத் தெரிகிறீர்கள். உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்? முடிவை நீங்களே எழுதுங்கள். ஆனால் உரக்கச் சொல்லுங்கள், நான் அப்படியே திருப்பிச் சொல்கிறேன். மணி ஒன்பது இருபது. ஒரு காலில் செருப்பு மாட்டியாகிவிட்டது. இன்னொரு செருப்பை வேண்டுமென்றே மெதுவாகத் தேடிக்கொண்டிருக்கிறாள்.