காது வைத்த ஜாடிகள்

கலை மாத இதழில் விமர்சனம் எழுதுகிறவளுக்குப் பீங்கான் சிற்பி ஒருவர் நாத்தனாராக வாய்ப்பது பெரிய பாக்கியம். புகழ்ந்து எழுதும்வரைக்கும்.

கணவனின் அக்கா அவர். அவர் இல்லாத நேரமாகப் பார்த்து வீட்டில் எல்லோரும் ‘சூளையம்மா’ என்பார்கள். அவருடைய கண்காட்சிகளைப் பற்றி அவள் ஏற்கெனவே மூன்று கட்டுரை எழுதியிருந்தாள். அப்போதெல்லாம் படங்களை அவரே அனுப்பிவைப்பார். “எட்டு போதுமா? இன்னும் நாலு அனுப்பவா? பெருசா போடச் சொல்லு” என்பார். காப்புரிமை என்றொரு சொல் இருப்பதே அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது.

நான்காவது கண்காட்சியில் பதினொரு ஜாடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மனிதக் காது. பச்சை மெருகில் சில, பால் வெள்ளையில் சில. அவள் இரண்டு முறை சுற்றிவந்தாள். அந்தக் காதை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து பழைய கேட்லாக்கைப் புரட்டினால், ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு தட்டின்மேல் அதே காது உட்கார்ந்திருக்கிறது. மடலோரத்துச் சின்ன வெட்டு உட்பட. ஒரே அச்சில் வார்த்தது.

‘காது மாறவில்லை, ஒட்டியிருக்கும் இடம்தான் மாறியிருக்கிறது’ என்று எழுதினாள். வாசகர் நம்ப வேண்டுமே என்று பழைய காதையும் புதிய காதையும் தீப்பெட்டி அளவில் பக்கத்துப் பக்கத்தில் போட்டாள். சிற்பியின் பெயர், வருடம் எல்லாம் ஒழுங்காகக் கொடுத்திருந்தாள்.

இதழ் வந்த அன்று காலையிலேயே போன்.

“யார கேட்டு என் படத்த போட்ட?”

“விமர்சனத்துக்குத்தானேக்கா. போன தடவையும் கேக்கலையே?”

“போன தடவ நல்லா எழுதியிருந்த!”

சட்டத்தின் நுணுக்கத்தை இதைவிடத் தெளிவாக எந்த நீதிபதியும் விளக்கியிருக்க முடியாது.

கணவன் காய் வாங்கக் கிளம்பிவிட்டான். முந்தின நாள் வாங்கிய காயே கூடையில் அப்படியே கிடந்தது. அக்காவும் மனைவியும் பேசிக்கொள்ளாத நாட்களில் அவனைப்போல் காய் வாங்குகிறவன் கிடையாது.

நாத்தனார் இதழின் ஆசிரியருக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். ஆசிரியர் வக்கீலைக் கேட்டார். விமர்சனத்துக்குத் தேவையான அளவில், யாருடையது என்று சொல்லிப் போட்டது நியாயமான பயன்பாடுதான், கவலையே வேண்டாம் என்றார் வக்கீல். ஆசிரியர் அதை நிம்மதியாகக் கேட்டுக்கொண்டு, இணையப் பக்கத்திலிருந்து இரண்டு படங்களையும் எடுத்துவிட்டார்.

“சட்டம் நம்ம பக்கம்னு வக்கீலே சொல்லிட்டாரே சார்?”

“நம்ம பக்கம்தாம்மா. ஆனா சட்டம் என் எதிர்ல வந்து உக்காராது. உங்க நாத்தனார் ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தாங்க.”

படங்கள் இருந்த இடத்தில் இரண்டு சாம்பல் நிறக் கட்டங்கள் மிஞ்சின. ‘காது, பீங்கான்’ என்ற குறிப்பும் சிற்பியின் பெயரும் மட்டும் கீழே அப்படியே நின்றன.

சிற்பிக்குப் பாராட்டுகள் வரத் தொடங்கின. “என்ன ஓர் அடக்கம்!” என்றார் ஒரு வாசகர். காதையே காட்டாமல் கேட்கவைத்துவிட்டார் என்று உருகினார் இன்னொருவர். கலைக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், கட்டங்களுக்கு நடுவில் இருக்கும் மௌனத்தைப் பற்றி ஆறு பத்தி எழுதினார். இடது கட்டம் சற்று ஆழமானது என்பது அவருடைய கணிப்பு.

மூன்றாம் நாள் நாத்தனார் நேரிலேயே வந்துவிட்டார். வாசலிலேயே ஆரம்பித்தார்.

“இருபது வருஷமா மண்ண பிசையறேன். ஒருத்தரும் ஆறு பத்தி எழுதினதில்ல. வெறும் கட்டத்துக்கு எழுதறாங்க! படத்த திரும்பப் போடச் சொல்லு.”

“அனுமதி குடுக்கறீங்களாக்கா?”

“அனுமதியே வேணாம்னு நீதானே சொன்ன!”

அவள் கணினியைத் திறந்து இரண்டு படங்களையும் காட்டினாள். நாத்தனார் அதுவரை அவற்றைச் சரியாகப் பார்க்கவேயில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ‘காது மாறவில்லை’ என்ற வாக்கியத்தைப் படித்ததுமே கொதித்துப்போயிருந்தார். இப்போது ரொம்ப நேரம் பார்த்தார். விரல் அந்தச் சின்ன வெட்டில் போய் நின்றது.

“அச்சு ஓரத்துல உடைஞ்சிருந்தது. யாரு பாக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன்.”

“நான் பாத்தேன்க்கா.”

“ம். நீ ஒருத்திதான் பாத்திருக்க.”

அது திட்டா, வேறு ஏதாவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மறுநாள் படங்கள் திரும்பி வந்தன. நாத்தனார் கேட்டுக்கொண்டபடி இரண்டு மடங்கு பெரிதாக. பேராசிரியர் மட்டும் வருத்தம் தெரிவித்தார்.

இரண்டு வாரம் கழித்து நாத்தனார் அவளைப் பட்டறைக்குக் கூப்பிட்டார். மேடைமேல் ஈரம் காயாத மண்ணில் பாதி திறந்த வாய் ஒன்று, கனத்த பீடத்தின்மேல் இருந்தது.

“இத என்னன்னு திட்டுவ? சூளைக்குப் போறதுக்கு முன்னாடியே சொல்லித் தொலை.”

அவள் சுற்றிவந்தாள். “உதடு அருமையா இருக்குக்கா. பீடம்தான் பந்தா பண்ணுது.”

நாத்தனார் முகத்தைச் சுளித்தார். பிறகு மண் அறுக்கும் கம்பியை எடுத்து, பீடத்தை ஒரே இழுப்பில் அறுத்துத் தள்ளினார். வாய் மேடைமேல் தனியாகக் கிடந்தது. இருவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாய் இடம்பெறும் அடுத்த கண்காட்சிக்கு வேறு ஆளை எழுதச் சொல்லும்படி ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டாள். ஏன் என்றார்.

“குடும்ப விஷயம் சார்” என்றாள்.