ஐம்பது பாகம்

"சார், கபீர் காக்கா ஓடுறதுக்கும், நாய் தொரத்தி எங்க வாப்பா ஓடுறதுக்கும் எம்புட்டு வித்தியாசம் சார்?"

பெரியபட்டினத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு லத்தீபா இப்படிக் கேட்டபோது வகுப்பே சிரித்தது. டிரில் மாஸ்டர் சேதுராமன் சிரிக்கவில்லை. அவர் கையில் இருந்த பத்திரிகையில், லத்தீபா காக்கா என்று அண்ணன் முறை சொன்ன, உள்ளூர்ப் பிள்ளையும் சென்னைக் கல்லூரி மாணவனுமான அகமது கபீர் நூறு கெஜத்தைப் பத்து வினாடி ஒரு கோட்டில் ஓடியதாகப் போட்டிருந்தது. அந்தக் காலத்து ஸ்டாப் வாட்ச்சில் ஒரு வினாடிக்கு ஐந்து கோடு. கணக்கு அப்படித்தான்.

"தெரியலம்மா. அளந்து பாத்துருவோம்" என்றார் சேதுராமன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம் அது. ஊரில் அதிகமாக எதுவும் நடக்காத காலம். அதனால் அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு பாதி ஊர் கடற்கரைக்கு வந்துவிட்டது. பக்கத்துக் குப்பத்திலிருந்து கிறிஸ்தவ வேதக்காரர்களும் வந்திருந்தார்கள். கடல் வற்றிய நேரம். ஈர மணல் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடந்தது.

நூறு கெஜம் அளக்கவேண்டும். பள்ளிக்கூடத்து நாடாவைக் கரையான் அரித்துப் போயிருந்தது. ஆனால் அதற்காக யாரும் கவலைப்படவில்லை. வாவு முகம்மது இருக்கும்போது நாடா எதற்கு?

வாவு முகம்மது கயிற்றுக்கடைக்காரர். இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு பாகம். ஒரு பாகம் இரண்டு கெஜம். கடலின் ஆழத்தையும் கயிற்றின் நீளத்தையும் அந்தக் கரையில் பாகத்தில்தான் சொல்வார்கள். மற்ற ஊர்களில் கயிறு வாங்கப் போனால் உயரமான ஆளை அளக்கச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போவார்கள். விற்கப் போனால் குட்டையன் போதும். வாவு கடைக்கு யாரும் ஆளைக் கூட்டிப்போவதில்லை. நாற்பது வருஷமாக அவர் கைதான் அளவு. அளவில் குறை வைக்கிறவனுக்குக் கேடு என்று ஓதித் தந்த வேதத்தை நம்பி வாழ்ந்தவர் அவர். "வாவு பாகம், வானத்துப் பாகம்" என்பார்கள்.

அவர் பிஸ்மி சொல்லி, கயிற்றைக் கைக்குக் கை விரித்து ஐம்பது பாகம் எண்ணிக் கொடுத்தார். அதை மணலில் இழுத்துக் கட்டி, இரண்டு நுனியிலும் முளை அடித்தார் மாஸ்டர்.

முதலில் ஓடியது லத்தீபாவின் வாப்பா.

"நாயில்லாம எப்படி ஓடுறது?" என்றார்.

"நான் வேணா குலைக்கிறேன் மச்சான்" என்றான் டீக்கடை சதக்கத்துல்லா.

அவருக்குப் பதிமூன்று வினாடி. சதக்கத்துல்லாவுக்குப் பதினாலரை. ஓதிக்கொடுக்கும் லெப்பை கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பதினாறில் வந்து உட்கார்ந்தவர், சாயங்கால அஸர் தொழுகை வரைக்கும் எழுந்திருக்கவில்லை. மீன் விற்கும் யாகப்பம்மாள், "கூடையோட ஓடட்டுமா, இறக்கி வச்சுட்டு ஓடட்டுமா?" என்று கேட்டு, கூடையோடே ஓடினாள். ரயிலைப் பிடிக்க அவள் தினமும் ஓடும் ஓட்டம் அது. பதினைந்து வினாடி. கூடையிலிருந்து ஒரு சாளை விழவில்லை.

கடைசியில் அவள் மகன் சவேரியார் ஓடினான். இருபத்திரண்டு வயது, வள்ளத்தில் வலை இழுப்பவன். அவன் வந்து நின்றதும் மாஸ்டர் கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார். காதில் வைத்தும் பார்த்தார்.

"பத்து வினாடி, ரெண்டு கோடு."

"ஏலே! கபீருக்கும் உனக்கும் ஒரே ஒரு கோடுதான்டா வித்தியாசம்!" என்று சதக்கத்துல்லா அவனைத் தூக்கிவிட்டான். யாகப்பம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் ராமநாதபுரத்தில் போலீசுக்கு ஆள் எடுத்தார்கள். ஓட்டக்காரர்களுக்கென்று தனியாக ஓர் இடம். நூறு கெஜத்தைப் பன்னிரண்டு வினாடிக்குள் ஓடவேண்டும். பத்து வினாடிக்காரனுக்கு அது ஒரு பரீட்சையா? சவேரியார் வள்ளத்தில் தன் இடத்தை அப்போதே இன்னொருவனுக்கு விட்டுக்கொடுத்தான். இறந்துபோன அய்யா விட்டுச்சென்ற கடனுக்காக அந்த வள்ளத்துக்காரரிடம் எட்டு வருஷம் உழைத்துக் கழித்தவன் அவன். அந்தக் கடன் கழிந்திருந்தது. இனி மாதச் சம்பளம், அம்மாவுக்குக் கூடை சுமக்காத வாழ்வு.

மைதானத்தில் அவனுக்குப் பன்னிரண்டு வினாடி இரண்டு கோடு ஆனது.

"யாருப்பா உன்னைப் பத்துன்னு சொன்னது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அந்த இடத்துக்கு அன்று வந்தவர்களில் ஒருவரும் தேறவில்லை. இரண்டு மாதம் கழித்து மறுபடி ஓட்டம் வைப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஊருக்கு வந்தவனைச் சுற்றிக்கொண்டு கேட்டார்கள். என்ன நடந்தது என்று அவனுக்கே புரியவில்லை. "கால்ல நரம்பு பிடிச்சுக்கிருச்சு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தான்.

அந்த வாரமே கபீர் விடுமுறைக்கு வந்தான். சேதுராமன் ஆசையாக அவனைக் கடற்கரைக்கு அழைத்துப்போய், அதே முளையிலிருந்து அதே முளைக்கு ஓடச் சொன்னார். சவேரியாரும் கூட நின்றான். லத்தீபா நண்டு பிடித்துக்கொண்டிருந்தாள்.

கபீர் மணலில் காலுக்குக் குழி தோண்டி, குனிந்து, வில்லிலிருந்து விட்ட மாதிரி போனான். அவன் ஓடியபோது மணல்கூட அதிகம் தெறிக்கவில்லை. மாஸ்டர் கடிகாரத்தை நிறுத்திக் கண்ணருகே கொண்டுபோனார்.

"எம்புட்டு சார்?" என்றாள் லத்தீபா.

"எட்டு வினாடி. மூணு கோடு."

கபீர் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான். "சார், ஒன்பது வினாடிக்குள்ள நூறு கெஜம் ஓடுனவன் இந்த உலகத்துலயே இன்னும் பிறக்கல. ஒண்ணு உங்க கடிகாரம் பொய், இல்லாட்டி உங்க கெஜம் பொய்."

மறுநாள் ரோடு ஓவர்சியரிடம் இரும்பு நாடா கடன் வாங்கி மூவரும் அளந்தார்கள். எண்பத்து மூன்று கெஜம்தான் இருந்தது.

மாஸ்டர் மணலில் உட்கார்ந்துவிட்டார். "நான் பாவி. நாடா இல்லாம ஊரைக் கூட்டி, உன் பொழப்பைக் கெடுத்துட்டேன். இன்னைக்கே எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்."

சவேரியார் அவர் பக்கத்தில் வந்து குந்தினான். பிறகு சொன்னான்:

"வேணாம் சார். அந்தப் பெரியவரு வேணும்னு செஞ்சிருப்பாரா? அவரு கயித்தை நம்பித்தான் இந்தக் கரையே நங்கூரம் போடுது. நாளைக்கு ஒருத்தன் 'குறைப் பாகம்'னு கூப்பிட்டா அவரு உசிரை விட்டுருவாரு. நரம்பு பிடிச்சதுன்னு நான் சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."

"அப்ப உன் பேரு?"

"எனக்கென்ன பேரு? ஒரு வாரம் சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போறாங்க."

கபீர் அவன் தோளில் கை வைத்தான். "அரை வினாடிதான்டா உனக்கு வேணும். பழகாதவனுக்கும் பழகினவனுக்கும் கிளம்புறதுலதான் பாதி வித்தியாசம். நீ எந்திரிச்சு நின்னுக்கிட்டு, ஆகாசத்தைப் பாத்துக்கிட்டு ஓடுற. குழி தோண்டிக் குனிஞ்சு கிளம்பு. தினம் காலையும் சாயங்காலமும் இருபது தடவை. ரெண்டு மாசத்துல அரை வினாடி கரையும். ஆனா ஒருநாள் விடக்கூடாது."

எல்லைமுளையைப் பதினேழு கெஜம் தள்ளி, சத்தமில்லாமல் அடித்துவிட்டு மூவரும் வீட்டுக்குப் போனார்கள்.

ஆனால் லத்தீபாவின் வாய்க்கு முளை அடிக்க யாரால் முடியும்? "கபீர் காக்கா எட்டு வினாடி மூணு கோடு!" என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு, வாவு முகம்மதின் கடையிலும் வந்து சொன்னாள். வாவு தலையாட்டினார். பத்திரிகைச் செய்தியை அவரும் கேட்டிருந்தார். பத்து எப்படி எட்டாகும்?

சாயங்காலம் கடற்கரைக்குப் போனார். முளை இடம் மாறியிருந்தது. பழைய முளை இருந்த குழி பாதி மூடிக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவே நின்று, கையை அகல விரித்துப் பார்த்தார். வலது கை நேராகப் போனது. இடது கை பாதியில் நின்றது. இரண்டு வருஷம் முன்பு மாடிப்படியில் விழுந்ததிலிருந்து அந்தத் தோளில் வலி உண்டு. வலி என்றுதான் நினைத்திருந்தார். அளவு என்று நினைக்கவில்லை.

திரும்பும் வழியில் சவேரியார் எதிரே வந்தான்.

"ஏலே, கால் எப்படியிருக்கு?"

"நரம்பு இன்னும் விடல பாய்."

அவன் போவதை நின்று பார்த்தார். கால் நன்றாகத்தான் நடந்தது.

மறுநாளிலிருந்து அவர் கடையில் கயிற்றைக் கையால் அளக்கவில்லை. இரும்புக்கோல் ஒன்று வந்தது. "தோள் வலிக்குது" என்றார், அது உண்மையும்கூட. இரண்டு வருஷமாகக் கயிறு வாங்கியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "அதுல கொஞ்சம் குறை விழுந்துருச்சு" என்று சொல்லிக் கூடுதல் கயிறு கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. மனிதர்கள் நாம் பயப்படுகிற அளவுக்குப் பொல்லாதவர்கள் இல்லை. ஆனால் அப்படியெல்லாம் சவேரியாரின் பாக்கியைத் தீர்த்துவிட முடியாது. அவன் விட்டுக்கொடுத்த இடம் வள்ளத்தில் நிரம்பிவிட்டது.

அவன் இப்போது அய்யாவின் பழைய வலையை எடுத்துக்கொண்டு, விடியுமுன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினான். பாறையிலும் நண்டிலும் மாட்டித் தினமும் வலை கிழிந்தது. பிடித்த மீனை அம்மாவோடு உச்சிப்புளிக்குச் சுமந்து விற்றுவிட்டு வந்தால், மிச்சப் பொழுதெல்லாம் வலை பொத்தவே சரியாக இருந்தது. பொத்தாவிட்டால் மறுநாள் சோறில்லை. முதல் ஒன்பது நாளில் அவன் ஓடியது இரண்டே நாள்.

பத்தாம் நாள் உச்சிப்புளியிலிருந்து திரும்பியபோது, கொல்லையில் கழியில் தொங்கிய வலையில் கிழிசல் எதுவும் இல்லை. முன்னதாகத் திரும்பிய அம்மா பொத்திவிட்டாள் என்று நினைத்து, ஓடப்போனான். அவன் ஓய்வில்லாமல் பொத்திவைத்துவிட்டு ஓடுகிறானே என்று யாகப்பம்மாள் மனசுக்குள் வருந்தினாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

"கண்ணு கெட்டுறாம பாத்துக்கம்மா" என்று மகன் ஒருநாள் சொன்னான்.

"உடம்பு கெட்டுறாம" என்றாள் அம்மா.

ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளும் அக்கறையாக அது முடிந்துபோனது. அதற்குமேல் கேட்க அந்த வீட்டில் நேரமில்லை. கிழிசல் நாளுக்கு நாள் பெரிதாகவும் ஆனது. சில நாள் ஆள் நுழையும் ஓட்டை. திரும்பி வரும்போது கண்ணிகள் எல்லாம் ஒரே அளவில் இருக்கும்.

இரண்டு மாதம் கழித்து ராமநாதபுரத்தில் அவனுக்குப் பதினொரு வினாடி நாலு கோடு. ஒரு கோடு மிச்சம்.

"இப்ப நரம்பு விட்டுருச்சா?" என்று ஊரில் கேலி பண்ணினார்கள். சிரித்தான். கபீரின் ஓட்டத்துக்கும் அவன் ஓட்டத்துக்கும் நடுவே இன்னும் ஒன்றரை வினாடிக்கு மேல் இருந்தது. அதை அவன் கடைசிவரை தாண்டவில்லை. தாண்ட ஆசைப்படவும் இல்லை.

அவன் வேலையில் சேரப் புறப்பட்ட நாளில் அம்மாவும் வழியனுப்ப ரயிலடிக்குப் போயிருந்தாள். குப்பத்து ஆண்கள் கடலில். மதியம் ளுஹர் தொழுகை முடிந்த வெயிலில் கொல்லைப்பக்கம் ஓர் ஆளும் இல்லை.

வாவு முகம்மது வேலி ஓரமாக வந்து, கழியில் தொங்கிய வலையைப் பிரித்துப் பார்த்தார். முந்தின விடியலில் அவன் கடைசியாக இறங்கியதில் மூன்று கிழிசல். இனி இந்த வலையைத் தண்ணீரில் யார் போடுவார்கள் என்று தெரியாது. வழக்கம்போல் மடியிலிருந்து மூங்கில் ஊசியையும் நூலையும் எடுத்தார். கை விரியாவிட்டாலும் விரல் விரிந்தது. நிழலில் குத்தவைத்து உட்கார்ந்து, மூன்றையும் ஒவ்வொரு கண்ணியாகப் பொத்தி முடித்தார். நூலை முடிந்து அறுத்தார். வலையைப் பழையபடியே தொங்கவிட்டு, உட்கார்ந்திருந்த தடத்தைக் காலால் கலைத்துவிட்டு, அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போனார்.