முப்பத்துநாலு கெஜம்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் கடைக்குள் நுழைந்தபோதே கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் ஆரஞ்சுச் சட்டைகள் இரண்டு தொங்கிக்கொண்டிருந்தன. எங்கள் தீவனக் கடையில் இது பதினாறு வருடத்துச் சட்டம். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை வார்ஃபீல்ட், டனகன் கல்லூரிகள் அமெரிக்கக் கால்பந்தில் மோதும். தோற்ற கல்லூரியின் ஆள் திங்கட்கிழமை முழுக்க ஜெயித்தவர்களின் நிறத்தைப் போட்டுக்கொண்டு மூட்டை தூக்க வேண்டும். முதலாளி கார்லண்ட், ஆரஞ்சு நிற டனகன் பக்கம். நான் பச்சை நிற வார்ஃபீல்ட் பக்கம். இரண்டு கல்லூரியிலும் நாங்கள் ஒரு நாள்கூடப் படித்ததில்லை. என் அப்பா பச்சைத் தொப்பி போட்டார், அதனால் நானும் போட்டேன். பரம்பரைச் சொத்தாக எனக்கு வந்தது அது ஒன்றுதான்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருடமாக மைதானத்தில் அதே வரிசை, அதே இருக்கை. சமீப காலமாக எனக்கு அலுத்துப்போயிருந்தது. ஆடுகிற பையன்கள் இப்போதெல்லாம் வருடத்துக்கு ஒரு கல்லூரி மாறுகிறார்கள். போன வருடம் தொண்டை கிழியக் கத்தி வளர்த்துவிட்ட ஒருவன் இந்த வருடம் எதிரணிச் சட்டையில் வந்து நம்மையே மோதித் தள்ளுகிறான். பேர் மனதில் தங்குவதற்குள் ஆள் போய்விடுகிறான். ஆனாலும் போனேன். இந்த வருடம் போனது நாஷுக்காக.

நாஷ் விக்கர்ஸ், எங்கள் கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்ளும் ரோனெட்டின் மகன். வார்ஃபீல்டின் உதைக்காரன், முதல் வருடம், பத்தொன்பது வயது. அவன் வேலை ஒன்றே ஒன்று. கடைசியில் களத்துக்குள் வந்து, இரண்டு மஞ்சள் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுத்துத் தர வேண்டும். பதினேழு தடவை தொடர்ந்து எடுத்தான். பெரிய கல்லூரிகளெல்லாம் அவனை இழுக்கப் பார்ப்பதாகப் பேச்சு. பதினெட்டாவது, டனகனுக்கு எதிராக, ஒரே ஒரு புள்ளி பின்தங்கி நிற்கும்போது, ஆட்டம் முடிய நாலு நொடி இருக்கும்போது வந்தது. முப்பத்துநாலு கெஜம். அவன் தூக்கத்தில்கூட உதைக்கிற தூரம். பந்து இடது கம்பத்துக்கு வெளியே போனது.

மைதானத்து வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வெளியே வர அன்று ஒன்றரை மணி நேரம் ஆனது. டிரக்குக்குள் தனியாக உட்கார்ந்திருந்தேன். டனகன் ஆட்கள் பக்கத்து வரிசையில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். நான் போனை எடுத்தேன். வார்ஃபீல்ட் ரசிகர்களுக்கு ஓர் இணைய மன்றம் உண்டு. அங்கே எனக்குப் பழம்பச்சை என்று பெயர், நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. எழுதினேன். 'இந்தப் பையனைச் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன். தனியாக இருந்தால் நேராக உதைப்பான். ஆட்கள் பார்த்தால் கால் நடுங்கும், பந்து இடது பக்கம் போகும். இவனை நம்பிக் களத்தில் இறக்கியதே தப்பு.' நான் வீடு போய்ச் சேர்வதற்குள் நானூற்றுச் சொச்சம் பேர் அதற்குக் கைதட்டியிருந்தார்கள். பொய் சொல்லக் கூடாது, அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நன்றித் திருநாள் விருந்தில் மிச்சமிருந்த வான்கோழியை ரொட்டிக்குள் வைத்துத் தின்றுவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

ரோனெட் ஏழேகாலுக்கு வந்தாள். கார்லண்ட் அவளைக் கண்டதும் எழுந்து ஆணிப் பக்கம் போனார்.

"இந்த வருஷம் இது வேணாம்மா. எடுத்து உள்ள வச்சுடறேன்."

"ஏன்? எங்க வீட்ல சாவா விழுந்துடுச்சு?" என்றாள் ரோனெட். "தோத்தா தோத்ததுதான். கொடுங்க இப்படி."

கோட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். நானும் மாட்டிக்கொண்டேன். வழக்கமாக என்னைப் போட்டோ எடுத்துக் கதவில் ஒட்டுகிற கார்லண்ட் அன்று பேசாமல் போய்க் காப்பி போட்டார். மான் வேட்டைக்காரர்கள் இரை போட மக்காச்சோள மூட்டை கேட்டு வந்தார்கள். ஒருவரும் ஆட்டத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அலபாமாவில் ஒரு தீவனக் கடையில், அந்தத் திங்கட்கிழமையில், அப்படி ஒரு மௌனத்தை நான் கேட்டதே இல்லை.

பத்து மணிக்குக் கூட்டம் குறைந்ததும் ரோனெட் கிடங்குக்குள் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"லைல், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நாஷ் நேத்து வீட்டுக்கு வந்துட்டான். சாப்பிடல. இன்னைக்கு அஞ்சு மணிக்குக் கோச்சுக்குப் போன் பண்ணி, இனிமே ஆடலன்னு சொல்லப் போறானாம்."

"ஒரு உதை தப்பினதுக்கா?"

"உதைக்கு இல்ல. அதுக்கு எவ்வளவோ பேரு திட்டினாங்க. செத்துப்போன்னு எழுதினவன்கூட இருக்கான். அதெல்லாம் அவன் தூசா தட்டிட்டான். ஒண்ணே ஒண்ணத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பாக்கறான்." அவள் தன் போனை நீட்டினாள். நான் எழுதியதை நான் படித்தேன். படிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன்.

"ஆளுங்க பாத்தா கால் நடுங்கும்னு இருக்கு பாருங்க. அது நிஜமாம். எனக்கே தெரியாது லைல், பெத்தவகிட்ட சொல்லல. ஒரே ஒருத்தர்கிட்டதான் சொன்னானாம், அதுவும் சின்னப் பையனா இருக்கும்போது. யாருடான்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கறான்."

கையிலிருந்த மூட்டையை நான் கீழே வைக்கவில்லை. ஐம்பது பவுண்டு. அதை வைத்தால் கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"நீங்க பேசுனா கேப்பான்," என்றாள். "நாலு மணிக்கு என்னைக் கூட்டிட்டுப் போக வருவான். பின்பக்கம் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை சொல்லுங்க. உங்க மேல அவனுக்கு ஒரு தனி மரியாதை."

அவனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு வந்துவிடுவான். கடைக்குப் பின்னால் வைக்கோல் டிரெய்லர் நிற்கும். அதற்கு மேலாகப் பந்தை உதைப்பான். மண்டியிட்டு, ஒரு விரலால் பந்தின் தலையைப் பிடித்து நிறுத்திக்கொடுப்பது என் வேலை. தினமும் முப்பது நாற்பது உதை. ஒரு நாள் வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். பந்து இடது பக்கம் பறந்து கார்லண்ட் வண்டியின் கண்ணாடியை உடைத்தது. எல்லாரும் போன பிறகு பையன் என் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தான். 'ஆளுங்க பாத்தா கால் நடுங்குது மிஸ்டர் லைல், அம்மாகிட்ட சொல்லிடாதீங்க,' என்றான். சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றேன். ஏழு வருடம் சொல்லவும் இல்லை. பிறகு ஒரே மூச்சில் ஊருக்கே சொல்லிவிட்டேன்.

மத்தியானம் முழுக்க வேலையில் மனம் ஒட்டவில்லை. கோழித் தீவனம் கேட்டவருக்குக் குதிரைத் தீவனத்தை ஏற்றி அனுப்பினேன். இடையில் ஒரு தடவை மன்றத்தைத் திறந்து எழுதியதை அழித்தேன். அழித்து என்ன பிரயோசனம், நூறு பேர் அதைப் படம் எடுத்து ஒட்டியிருந்தார்கள். தலைவலி என்று சொல்லி மூன்று மணிக்கே கிளம்பிவிடலாமா என்றும் நினைத்தேன். சாவியைக் கையில்கூட எடுத்தேன். ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ரோனெட் போட்டுக்கொண்டு நிற்கும்போது நான் கழற்ற வெட்கமாக இருந்தது.

நாலு மணிக்கு அவன் வண்டி வந்தது. உள்ளே வராமல் நேராகப் பின்பக்கம் போனான். நான் போனபோது டிரெய்லருக்கு எதிரே, கோட்டுப் பையில் கைகளை விட்டபடி நின்றான். தோள் அகன்றிருந்தது, முகம் மட்டும் அப்படியே இருந்தது. அவன் காலடியில் ஒரு பந்து கிடந்தது.

"சட்டை உங்களுக்கு நல்லா இருக்கு மிஸ்டர் லைல்."

"உங்கம்மாவுக்கு இதவிட நல்லா இருக்கு," என்றேன். "கோச்சுகிட்ட பேசிட்டியா?"

"அஞ்சு மணிக்கு." அவன் பந்தைக் காலால் என் பக்கம் உருட்டினான். "புடிக்கிறீங்களா?"

மழை பெய்து ஓய்ந்த புல். மண்டியிட்டபோது முழங்கால் இரண்டும் முனகின. பந்தை நிறுத்தி ஒரு விரலை மேலே வைத்தேன். அவன் பின்னால் மூன்று எட்டு, பக்கவாட்டில் இரண்டு எட்டு எடுத்து வைப்பது கேட்டது. அப்போது கடையின் பின்கதவு திறந்தது. கார்லண்ட் காப்பிக் கோப்பையோடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் சோளம் வாங்க வந்த இரண்டு பேர், அவர்களுக்கும் பின்னால் ரோனெட். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே போங்கள் என்று கத்தத் தோன்றியது. கத்த எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

நான் தலையை நிமிர்த்தவில்லை. பந்தின் தையலைப் பார்த்தபடி, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"நாஷ், அத எழுதினது நான்தான்."

அவன் காலணியைப் புல்லில் ஒரு தடவை தேய்ப்பது கேட்டது.

"தெரியும்," என்றான். "விரல ஆட்டாதீங்க."

அப்போதுதான் பார்த்தேன், என் விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கையால் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். ஈரப் புல்லில் அவன் ஓடிவரத் தொடங்கினான்.