ஷீலாவின் போனில் நீலப் புள்ளி

மீன் எங்கே கிடைத்தது என்று கேட்டால், கோவளத்து மீனவர்கள் கூடப்பிறந்தவனிடமும் பொய்தான் சொல்வார்கள். அரசுவும் அப்படித்தான். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், கடலுக்கடியில் அவன் கண்டுவைத்த பாறைதான் அவன் வீட்டுக்குச் சோறு போட்டது. அதனால், அவன் போகும் இடத்தைத் தன் போனில் நீலப் புள்ளியாகக் காட்டும் வசதியைப் போடச் சொல்லி மனைவி ஷீலா கேட்டபோதெல்லாம் மறுத்துவந்தான்.

ஒருநாள் காற்றில் சிக்கிப் பொழுது சாய்ந்துதான் கரை சேர்ந்தான். மணலில் அழுதுகொண்டிருந்த ஷீலா எழுந்து அவன் சட்டையைப் பிடித்தாள்.

"நீ கீறியா செத்தியான்னு தெரியாம நான் இன்னாய்யா பண்றது? பாறைதான் பெருசா உனக்கு?"

அன்றைக்கே அந்த வசதியைப் போட்டுக் கொடுத்தான்.

அடுத்த வாரம் அவனுக்கு முன்பே பாறைமேல் படகுகள் நின்றன. ஒன்றிலிருந்து ஷீலாவின் தம்பி சிவப்பிரகாசம் பல்லைக் காட்டினான்.

"இன்னா மாமா, லேட்டு? அக்கா போன்ல பாத்தேன். தெனம் இங்கதான் குந்திகினு கீற!"

அரசு வீட்டுக்கு வந்து கத்தினான். "எந்தம்பிதானே, வேத்தாளா?" என்றாள் ஷீலா.

சில நாளில் பாறையில் மீன் காலியானது. புது இடம் தேடிப் போனாலும் படகுகள் பின்னால் வந்தன. போனை அணைத்தால் அவள் கரையில் வந்து அழுவாள். கடைசியில் ஒருநாள் மீனே இல்லாத கடலில் நங்கூரம் போட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டுத் திரும்பினான்.

"இன்னிக்குத்தான்யா நிம்மதியா இருந்தேன். புள்ளி ஆடாம அசையாம ஒரே எடத்துல நின்னுச்சு" என்றாள் ஷீலா.

அரசு வெறும் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்தான்.