இரவல் பிள்ளைகள்

முத்துப்பேட்டை இங்கிலீஷ் பள்ளிக்கூட வேன் எங்கள் ஊருக்குள் நுழைந்த வருஷமே ஒன்றிய ஆரம்பப் பள்ளி காலியாகிவிட்டது. முதலில் துபாய்க்காரர் வீட்டுப் பிள்ளைகள் போனார்கள். அவர்களைப் பார்த்து நிலம் வைத்திருந்தவர்களின் பிள்ளைகளும் போனார்கள். மிஞ்சியது காலனிப் பிள்ளைகள். தலைமையாசிரியர் தியாகேசன் அவர்களை "என் தலையெழுத்து" என்பார், அவர்கள் காதுபடவே.

ஆனால் வேனில் போன பிள்ளைகளின் பெயர்களை அவர் விடவில்லை. எண்ணிக்கை குறைந்தால் அகிலாண்டம் டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். அப்புறம் ஐந்து வகுப்பையும் அவர் ஒருவரே மேய்க்க வேண்டும். அதனால் வராத பிள்ளைகளுக்கும் சேர்த்து "உள்ளேன் ஐயா" சொல்ல, வந்த பிள்ளைகளைப் பழக்கி வைத்திருந்தார். அதிகாரி வருகிற நாளில் மட்டும் வேன் பிள்ளைகளை வீடு வீடாய்ப் போய் இரவல் கேட்பார். ஒரு நாள்தானே, வாத்தியார் பாவம் என்று ஊரும் கொடுக்கும். காலனிப் பிள்ளைகள் பாவம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் அதிகாரி வருகிறார் என்றதும் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் காளியம்மாள். ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை பொய்த்ததும் அவள் புருஷன் அறிவுச்செல்வன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். ஐந்தாம் வகுப்பில் இருந்த மகள் செம்மொழியையும் அனுப்பிவிடு, பனியனில் நூல் பிசிறு வெட்டும் வேலை இருக்கிறது என்று நச்சரித்தான். தான் வீட்டுவேலை செய்யும் துபாய்க்காரர் மனைவி ஹபீபுன்னிசாவின் வீட்டுப் போனில் காளியம்மாள் அவனோடு மல்லுக்கு நின்றாள்.

"அதிகாரி வர்றாரு. புள்ளைய படிக்கச் சொல்லிப் பாக்கட்டும். நல்லாப் படிக்குதுன்னு அவரு சொன்னா ஆறாவது போவா. இல்லன்னா நீ சொல்றபடியே ஆகட்டும்."

அவளுக்குச் சந்தேகமே இல்லை. சாயங்காலமானால் செம்மொழி தேனீ பாடத்தைத் தடங்கல் இல்லாமல் படிப்பாள். காளியம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். ஓர் எழுத்துக்கூடத் தெரியாதவளுக்கு அதைக் கேட்டாலே வயிறு நிறைந்துவிடும்.

கிழிந்த பாவாடையோடு போனால் வாத்தியார் உள்ளே விடமாட்டார் என்று ஹபீபுன்னிசாவிடம் சொன்னாள். அவர் மகள் சாஜிதாவும் அதே ஐந்தாம் வகுப்பில் பெயர் மட்டும் இருக்கிற வேன் பிள்ளைதான். அவள் பெயருக்கு வந்த இலவசச் சீருடை மடிப்புக் கலையாமல் அலமாரியில் கிடந்தது. அதை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள்தான் அதிகாரி வருகை. அந்த நீலப் பாவாடையில் செம்மொழி முதல் ஆளாய்ப் போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் சாஜிதா வந்தாள், கட்டம்போட்ட உடுப்பும் டையுமாக. தியாகேசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சீருடை எங்க பாப்பா?"

சாஜிதா செம்மொழியைக் காட்டினாள்.

சமையல் கூடத்துக்குள் வைத்து அகிலாண்டம் டீச்சர் இருவருக்கும் உடுப்பை மாற்றினார். "இது விலை ஜாஸ்தி. அழுக்காக்கிடாத. உக்காராம நின்னுக்கிட்டே இரு" என்று செம்மொழியிடம் சொல்லிவிட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டார். உள்ளே ஏற்கெனவே ஐந்தாம் வகுப்பின் மற்ற காலனிப் பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி படிக்கச் சொல்வது ஐந்தாம் வகுப்பைத்தான் என்பதால், அங்கே காலனிப் பிள்ளைகளின் பெயருக்கும் வேன் பிள்ளைகளே எழ வேண்டும் என்பது தியாகேசன் ஏற்பாடு.

அதிகாரி ஐந்தாம் வகுப்புக்கு வந்தார். பெயர்களைப் பார்த்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

"செம்மொழியா? அழகான பேரா இருக்கே. அந்தப் புள்ள படிக்கட்டும்."

தியாகேசன் சாஜிதாவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். வேன் பிள்ளை என்றால் எதைக் கொடுத்தாலும் படிக்கும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. அந்த வேன் பள்ளியில் தமிழ் எதற்கு என்று விட்டுவிட்ட விஷயம் அவருக்குத் தெரியாது.

"தே... னீ... சு... சுரு..."

சுறுசுறுப்பைத் தாண்ட முடியாமல் குழந்தை அழுதுவிட்டது.

"அஞ்சாவது படிக்கிற புள்ளைக்கு எழுத்துக்கூட்டக்கூட வரலியே! காலனியா?"

"ஆமாங்க சார். வீட்டுல எழுத்து வாசனையே கிடையாது."

"அதான்" என்றார் அதிகாரி. பிள்ளையின் காதில் கிடந்த துபாய்த் தங்கம் அவர் கண்ணில் படவே இல்லை.

தன் பெயரும் தன் பாடமும் அங்கே சீரழிவதைச் சமையல் கூடத்தில் நின்றுகொண்டே செம்மொழி கேட்டாள்.

மாலையில் காளியம்மாள் பள்ளி வாசலில் தியாகேசனுக்காகக் காத்திருந்தாள். "என்ன சார் சொன்னாரு?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன். சொன்னால் இரவல் விஷயம் சந்திக்கு வந்துவிடும். "எழுத்துக்கூட்டவே வரலன்னுட்டாரு. மானத்த வாங்கிட்டா உன் பொண்ணு."

"அது நான் இல்லம்மா! என்னைய உள்ளயே விடல!"

"வாயப் பாரு. செம்மொழின்னு பேர் சொல்லித்தானே கூப்பிட்டாரு? ஏன் பசங்களா?"

"ஆமா சார்" என்றார்கள் பிள்ளைகள். சொல்லிப் பழகிய வாய்கள்.

வீட்டுக்கு வந்ததும் செம்மொழி புத்தகத்தை விரித்து, அழுதபடியே தேனீ பாடத்தை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். காளியம்மாள் மகளையே பார்த்தாள். இத்தனை நாளும் இவள் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? அந்த நினைப்பு வந்ததும் கன்னத்தில் ஓங்கி அறைந்து புத்தகத்தைப் பிடுங்கினாள்.

"போதும்டி நடிச்சது."

அந்த வாரமே செம்மொழி திருப்பூர் பஸ் ஏறினாள்.

சம்பா நடவு முடிந்த சமயம். சாணிக்கூடையோடு பள்ளிக்கூட வேலி ஓரம் போய்க்கொண்டிருந்த காளியம்மாளுக்கு உள்ளே தியாகேசன் பெயர் கூப்பிடும் குரல் கேட்டது.

"செம்மொழி!"

"உள்ளேன் ஐயா!" என்றது ஒரு பிள்ளைக் குரல்.

அன்றைக்கும் இப்படித்தானோ, இரவல் போன சாஜிதாவைக் கேட்டால் தெரியும் என்று கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஹபீபுன்னிசா வீட்டுக்கு ஓடினாள். அன்று வேனைத் தவறவிட்ட சாஜிதா வாசலில் நின்றிருந்தாள்.

"அன்னைக்கு அதிகாரிகிட்டப் படிச்சது யாரு பாப்பா?"

"நான்தான்" என்றாள் சாஜிதா, மெல்ல.

ஹபீபுன்னிசாதான் கம்பெனிக்குப் போன் போட்டுக் கொடுத்தார். வெகுநேரம் கழித்துச் செம்மொழி போனுக்கு வந்தாள். பின்னால் மிஷின் இரைச்சல்.

"என்னம்மா?"

காளியம்மாள் சாப்பாட்டை விசாரித்தாள், வேலையை விசாரித்தாள். கடைசியில் கேட்டாள்: "அந்தத் தேனீ பாடத்த ஒருக்கா சொல்லுடி, கண்ணு."

"மறந்துபோச்சும்மா" என்றாள் செம்மொழி. "வேல கெடக்கு, வச்சிரவா?"